முதல் ஆர்சி வண்டியாக எதை வாங்கலாம்?

கேள்வி இதுதான்: "முதல் முறையாக ஆர்சி (ரேடியோ ரிமோட்டில் ஓடும்) கார் வாங்கப் போகிறேன். நான்கு சக்கரமும் இழுக்கும் பிரஷ்லெஸ் (கரித் துண்டு இல்லாத மோட்டார்) வண்டி ஒன்று பிடித்திருக்கிறது, மணிக்கு 70 கிலோமீட்டர் போகுமாம். வீட்டில் மொட்டை மாடி உண்டு, ஐந்து நிமிட நடையில் ஒரு செம்மண் கிரவுண்டு உண்டு. 10 வயதுப் பையனும் ஓட்டுவான். வாங்கலாமா?"

வேண்டாம். அது மோசமான வண்டி என்பதற்காகச் சொல்லவில்லை, முதல் வண்டியாக அது சரிப்படாது. முதல் வண்டிக்கு மூன்று விஷயங்களை இந்த வரிசையில் பார்க்க வேண்டும்: எந்தத் தரையில் ஓடப் போகிறது, உடைந்தால் உதிரி பாகம் எத்தனை நாளில் கைக்கு வரும், பேட்டரியை யார் எப்படிச் சார்ஜ் போடப் போகிறார்கள். வேகம் இதற்கெல்லாம் பின்னால்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வேகம் மட்டுமே என்பதால் பலரும் அதிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள்.

அந்த 70 கிலோமீட்டரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 19 மீட்டருக்கு மேல் வருகிறது. சுவர் நெருங்குவதைக் கண் பார்த்து, ரிமோட்டின் வேக விசையிலிருந்து விரலை எடுக்க ஏறக்குறைய கால் விநாடி ஆகும். அதற்குள் வண்டி 5 மீட்டர் ஓடிவிடும். 10 மீட்டர் நீள மாடியில் அதற்கு இடமே கிடையாது. மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 25 கிலோமீட்டரில் பம்பர் கீறலோடு தப்பிக்கிற வண்டி, 50-ல் நான்கு மடங்கு அடி வாங்கும். இரண்டு கிலோ எடை அந்த வேகத்தில் ஒரு குழந்தையின் காலில் பட்டால் எலும்பு முறிய வாய்ப்புண்டு. பழகிய கைக்கு 70 சரி. ஆனால் எல்லோருக்குமே முதல் பத்து நாள் ஒரு குழப்பம் இருக்கும்: வண்டி நம்மை விட்டு விலகிப் போகும்போது வலது வலதுதான், நம்மை நோக்கி வரும்போது வலது இடதாகிவிடும். அந்தக் குழப்பம் தீரும்வரை மெதுவான வண்டிதான் முழுசாக இருக்கும்.

அடுத்து, பொம்மைக் கடை ரிமோட் காருக்கும் ஹாபி வண்டிக்கும் உள்ள வித்தியாசம். விலையை வைத்து இதைப் பிரிக்க முடியாது. விலை கூடிய பொம்மைகளும் நிறைய இருக்கின்றன. கடையிலேயே சோதிக்கலாம். ரிமோட்டின் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்புங்கள். முன் சக்கரங்களும் கொஞ்சமாகத் திரும்பினால் சரி. முழுசாக இடம், முழுசாக வலம், நடுவில் ஒன்றுமில்லை என்று இருந்தால் அது பொம்மை. அடுத்து, மோட்டார், சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டி), ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி நான்கும் தனித்தனியாகக் கழற்றும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். மலிவான சில வண்டிகளில் ரிசீவரும் இஎஸ்சியும் ஒரே போர்டில் இருக்கும். ஒன்று கருகினால் இரண்டையும் மாற்ற வேண்டும், அதுவும் அதே போர்டு கிடைத்தால்தான்.

உதிரி பாகச் சோதனையை வாங்குவதற்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம். மனதில் இருக்கும் மாடலின் பெயரோடு ஐந்து பாகங்களைத் தேடுங்கள்: முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்பர் கியர் (மோட்டார் சுற்றும் பெரிய பல்சக்கரம்), பின் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட், சர்வோ, ஷாக் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் தண்டு). இந்த ஐந்தில் குறைந்தது நான்கு பாகங்கள் உள்நாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் கையிருப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஒரு ஆர்மை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும், வண்டி மூன்று வாரம் அலமாரியில் கிடக்கும். இந்தப் பொழுதுபோக்கைப் பாதியில் விட்டவர்களில் பலர் சலித்துப் போய் விட்டவர்கள் அல்லர், ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு கிடைக்காமல் விட்டவர்கள்.

நல்ல நிறுவனம் என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம்: ஜப்பானின் டாமியா 1984-ல் வெளியிட்ட ஹார்னெட் என்ற பக்கி வண்டி (சக்கரங்கள் வெளியே நீட்டியிருக்கும் வகை) 2004-ல் திரும்பவும் விற்பனைக்கு வந்தது. அதனால் அந்தக் காலத்து வண்டி வைத்திருப்பவருக்கும் பாகம் கிடைக்கிறது. எல்லா நிறுவனத்திடமும் இதை எதிர்பார்க்க முடியாது, ஆனால் மூன்று நான்கு வருடமாவது விற்பனையில் இருந்துவரும் மாடலாகத் தேடுவது நம் கையில் இருக்கிறது. புதிதாக வந்த மாடலைவிட, நிறையப் பேர் ஓட்டி, எது உடையும் என்று ஊருக்கே தெரிந்த பழைய மாடல் தொடக்கக்காரருக்கு எவ்வளவோ மேல்.

இனி உங்கள் தரைக்கு வருவோம்.

செம்மண் கிரவுண்டுதான் முக்கிய இடம் என்றால் 1/10 அளவில் (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு), பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், பிரஷ்டு மோட்டார் (கரித் துண்டு உள்ள சாதாரண மோட்டார்) போட்ட ஷார்ட் கோர்ஸ் டிரக் வாங்குங்கள். இந்த வகையில் அதிகம் ஓடுவது அமெரிக்காவின் டிராக்ஸஸ் நிறுவனத்தின் ஸ்லாஷ், 2008-லிருந்து வருகிறது. 57 சென்டிமீட்டர் நீளம், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடை. ஆர்மா நிறுவனத்தின் கிரானைட், சென்டன் வண்டிகளின் பிரஷ்டு வடிவங்களும் இதே வேலைக்கு ஆகும். ஷார்ட் கோர்ஸ் டிரக்கை முதலில் சொல்லக் காரணம் அதன் உருவம். நான்கு டயர்களும் பாடிக்கு உள்ளே அடங்கி, முன்னும் பின்னும் அகலமான பம்பர் இருக்கும். மோதினால் முதல் அடி பம்பருக்குப் போகும். பக்கி வண்டியில் முன் சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அதே மோதலில் ஆர்ம் போய்விடும். குறையும் உண்டு: அந்தப் பெரிய பாடி, வண்டி தாவும்போது அடியில் காற்றைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் தூக்கும். பின்பக்கப் பாடியில் ஓட்டை வெட்டி விடுகிறார்கள், அதற்காகத்தான்.

உயரமான மான்ஸ்டர் டிரக்கும் மண்ணுக்கு நல்லதே. புல்லிலும் கல்லிலும் ஏறிப் போகும். ஆனால் வளைவில் கவிழும், நடந்துபோய் நிமிர்த்திவிட்டு வர வேண்டும். பையனுக்கு அந்த ஓட்டம் பிடிக்கும் என்றால் தடையில்லை.

நான்கு சக்கர இழுவை முதல் வண்டிக்குத் தேவையில்லை. முன்னால் ஒரு டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் கியர் பெட்டி), இரண்டு டிரைவ் ஷாஃப்ட், நடுவில் ஒரு தண்டு என்று உடைவதற்கும் கழுவுவதற்கும் இன்னும் அத்தனை பாகம் கூடும். பின் சக்கர இழுவையில் விசையை அழுத்தியவுடன் பின்பக்கம் வழுக்கும். அது முதலில் எரிச்சலாக இருக்கும். அந்த வழுக்கல்தான் விசையைச் சீராக அழுத்தக் கற்றுக்கொடுக்கிறது. கடற்கரை போலப் பொலபொலவென்ற மணலில் மட்டும் பின் சக்கர வண்டி திணறும். கடற்கரைக்கு எந்த வண்டியையும் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. மோட்டாரின் காற்றுத் துளை வழியாக மணல் உள்ளே போகும், உப்பு நீர் பேரிங்கையும் போர்டையும் ஓரிரு நாளில் அரிக்கத் தொடங்கும். பெட்டியில் "வாட்டர்ப்ரூஃப்" என்று எழுதியிருப்பது நல்ல தண்ணீருக்கு, அதுவும் மின்பாகங்களுக்கு மட்டும். பேரிங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மாடிதான் முக்கிய இடம், கிரவுண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடியும் என்றால் பதில் மாறுகிறது. அப்போது கிராலர் வாங்குங்கள். நடக்கும் வேகத்தில் கல் ஏறுகிற வண்டி அது. ஆக்ஸியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24 போன்ற 1/24 அளவு வண்டி சுமார் 20 சென்டிமீட்டர்தான், பேட்டரியும் சார்ஜரும் பெட்டியிலேயே வரும். நான்கு உடைந்த செங்கல், ஒரு தென்னை மட்டை, கொஞ்சம் ஜல்லி போதும், மாடியிலேயே மலை வந்துவிடும். சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைத்தால் ஏறும் என்று யோசித்து ஓட்டுவது 10 வயதுப் பையனை மணிக்கணக்கில் பிடித்து வைக்கும். மெதுவாகப் போவதால் மோதி உடைவது மிகக் குறைவு. கிராலரைத் தரையில் வேகமாக ஓட்டிப் பார்த்து "சப்பென்று இருக்கிறது" என்பவர்கள் உண்டு. அது சமதளத்துக்கான வண்டியே இல்லை. அதன் டிஃபரென்ஷியல் பூட்டப்பட்டிருக்கும், இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். பாறையில் பிடிப்புக்கு அது தேவை, சமதளத்தில் திரும்பத்தான் சிரமம்.

தார் ரோட்டில் ஓடும் தாழ்வான கார்களைப் பற்றிச் சுருக்கமாக. டாமியாவின் டிடி-02 இந்த வகையில் தொடக்கக்காரருக்கு நல்ல வண்டி, ஆனால் அது பிரித்த பாகங்களாக வரும் கிட். தரைக்கும் அடிப்பலகைக்கும் இடைவெளி மிகக் குறைவு. வழவழப்பான பெரிய வாகன நிறுத்துமிடம் இல்லாமல் அதை ஓட்ட முடியாது. நம் தெருக்களின் ஜல்லியும் வேகத்தடையும் அதற்கு ஆகாது. ஓட்டுவதைவிட கட்டுவதில்தான் உங்களுக்கு ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள். இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். கிட்டில் பல இடங்களில் பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ் (அச்சு சுற்றும் வெறும் வளையம்) கொடுத்திருப்பார்கள். கட்டும்போதே 11 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. உள்விட்டம் உள்ள பேரிங் போட்டுவிடுங்கள். பிறகு போடுவதென்றால் முழுவதும் பிரிக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கமாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அதற்கென்று இருக்கும் பாலிகார்பனேட் பெயிண்டையே வாங்க வேண்டும். சாதாரண ஸ்பிரே முதல் மோதலிலேயே தோல் போல உரியும். உள்ளிருந்து அடிப்பதால் அடர்நிறம் முதலில், வெளிர்நிறம் கடைசியில்.

எரிபொருள் எஞ்சின் வண்டிகளின் சத்தமும் புகையும் பலரை இழுக்கும். முதல் வண்டியாக அதை வாங்காதீர்கள். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள் அதற்கு வேண்டும். அது எங்கும் சுலபமாகக் கிடைப்பதில்லை. புது எஞ்சினைப் பல டேங்க் எரிபொருள் வரை மெதுவாக ஓட்டிப் பதப்படுத்த வேண்டும். கார்புரேட்டர் ஊசியைக் காற்றின் சூட்டுக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தவறாகத் திருப்பினால் எண்ணெய் போதாமல் எஞ்சின் காய்ந்து பிஸ்டன் போய்விடும்.

பெட்டியில் இருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 540, 550 என்பவை மோட்டார் உருளையின் அளவு. 550 சற்று நீளமானது. பிரஷ்டு மோட்டாரில் "12டி", "27டி" என்றிருப்பது கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை. எண் குறைந்தால் வேகம் கூடும், மின்சாரமும் சூடும் கூடும். 27 நிதானமானது, 12 துடிப்பானது, கிராலரில் 35 அல்லது 55 இருக்கும். பிரஷ்லெஸ் மோட்டாரில் "கேவி" என்ற எண் இருக்கும்: ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 3300 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 24,420 சுற்று. பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் கரி இல்லை, மின்சாரமும் குறைவாக வீணாகும். அதன் பலம் கியர்களுக்கும் ஷாஃப்டுகளுக்கும் தாங்க வேண்டுமே என்பதுதான் பிரச்சினை.

இப்போது பேட்டரி. வண்டி விலைக்குச் சமமாக யோசிக்க வேண்டிய பகுதி இது. பணத்தைப் பிரிக்கும்போது மூன்றில் ஒரு பங்கைப் பேட்டரி, சார்ஜர், முதல் உதிரி பாகங்களுக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்குள் வண்டியைத் தேடுங்கள். முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டு, பெட்டியில் பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை என்று வீட்டுக்கு வந்து பார்ப்பது அடிக்கடி நடக்கிறது.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக்கில் (செல்கள் சேர்ந்த பேட்டரிக் கட்டு) 1.2 வோல்ட் செல்கள் ஆறு, மொத்தம் 7.2 வோல்ட். கனமானது, மெதுவானது, ஆனால் கைதவறினாலும் பெரிய ஆபத்து இல்லை. லிப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒரு செல் 3.7 வோல்ட், இரண்டு செல் பேக்கை 2எஸ் என்பார்கள், 7.4 வோல்ட். ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுவிடும். நேரக் கணக்கு எளிது: பிரஷ்டு டிரக் சராசரியாக 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், 3000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேக் 12 நிமிடம், 5000 எம்ஏஎச் பேக் 20 நிமிடம் ஓடும். நிக்கல் பேக்கோடு வரும் சுவர் சார்ஜர் 300 மில்லி ஆம்பியர் என்றால் 12 நிமிட ஓட்டத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பையன் அழுவது அங்கேதான். ஆகவே ஒரு நல்ல பேலன்ஸ் சார்ஜரை (எல்லாச் செல்களையும் சமமாக ஏற்றுவது) முதலிலேயே வாங்குங்கள், நிக்கல் இரண்டு பேக் அல்லது 2எஸ் லிப்போ இரண்டு பேக்கோடு. கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட லிப்போவாகப் பாருங்கள்; மென்மையான உறையில் ஒரு கல் குத்தினால் போதும்.

லிப்போ வாங்கினால் சில பழக்கங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சார்ஜ் வேகம் "1சி"-க்கு மேல் வேண்டாம்: 5000 எம்ஏஎச் பேக்குக்கு 5 ஆம்பியர், 1500-க்கு 1.5 ஆம்பியர். பேலன்ஸ் முறையில், வெறும் தரை டைல்ஸ் மேல், திரைச்சீலையும் மெத்தையும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும். லிப்போ பேக்கை நிக்கல் முறையில் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும். இந்த ஒன்றைப் பையனுக்கு மட்டுமல்ல, வீட்டில் சார்ஜரைத் தொடக்கூடிய எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ஓடி முடித்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், கைக்குக் குளிர்ந்த பிறகு போடுங்கள். ஓரிரு நாளைக்கு மேல் ஓட்டவில்லை என்றால் சார்ஜரில் "ஸ்டோரேஜ்" முறையில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். முழுதாக ஏற்றி அலமாரியில் வைத்த பேக் சில மாதங்களில் உப்பிவிடும். உப்பிய பேக் முடிந்த பேக்தான். அழுத்திச் சரிசெய்யவோ ஊசியால் குத்தவோ கூடாது. மே மாத வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் எந்தப் பேக்கையும் விட்டு வராதீர்கள்.

வண்டியின் இஎஸ்சிக்கும் எந்தப் பேட்டரி என்று தெரிய வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். லிப்போ என்று சொல்லிவைத்தால் செல்லுக்கு ஏறக்குறைய 3.2 வோல்ட் வந்ததும் அது தானாக மோட்டாரை நிறுத்தும். நிக்கல் என்று விட்டிருந்தால் நிறுத்தாது, ஒரே மாலையில் புது லிப்போ பாழாகிவிடும். ஹாபிவிங் 1060 போன்ற இஎஸ்சியில் இதற்கு ஒரு சின்ன ஜம்பர் (இரு முனைகளை இணைக்கும் சிறு செருகி) இருக்கும், அதைப் பிடுங்கி மாற்ற வேண்டும். டிராக்ஸஸின் எக்ஸ்எல்-5 வகையில் விளக்கைப் பாருங்கள்: பச்சை எரிந்தால் லிப்போ பாதுகாப்பு வேலை செய்கிறது, சிவப்பு எரிந்தால் இல்லை. அதே எக்ஸ்எல்-5-ல் பாதி பலத்தை மட்டும் கொடுக்கும் பயிற்சி முறையும் உண்டு. 10 வயதுப் பையனுக்கு முதல் மாதம் அதுதான்.

பிளக் விஷயம் சிறியது, ஆனால் தலைவலி தருவது. பழைய வெள்ளை டாமியா பிளக் குறைந்த மின்சாரத்துக்குப் போதும். வேகமான மோட்டார் போட்டால் சூடேறி உருகும். வண்டி, பேட்டரி, சார்ஜர் மூன்றிலும் ஒரே வகைப் பிளக் இருக்கும்படி முதல் நாளே தீர்மானித்துவிடுங்கள். பிளக்கை வெட்டி மாற்றும்போது பேட்டரியின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். கத்தரியே இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும்.

ரேடியோ இப்போதெல்லாம் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான், பக்கத்தில் பத்துப் பேர் ஓட்டினாலும் குழப்பம் வராது. ஒரு பழக்கம் போதும்: முதலில் ரிமோட்டை ஆன் செய்யுங்கள், பிறகு வண்டியை. நிறுத்தும்போது முதலில் வண்டி, கடைசியில் ரிமோட். மாற்றிச் செய்தால் சில வண்டிகள் தானே ஓடத் தொடங்கும்.

வண்டி வந்த அன்று உடனே கிரவுண்டுக்கு ஓடாமல் ஒரு மணி நேரம் மேஜையில் உட்காருங்கள். வண்டியை ஒரு டப்பா மேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாமல் வைத்து, ரிமோட் சக்கரத்தைக் கைவிட்டால் முன் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்து ஸ்டீயரிங் டிரிம்மை (நேர்நிலையைச் சீராக்கும் அமைப்பு) சரிசெய்யுங்கள். பிறகு மெதுவாகச் சக்கரத்தைச் சுற்றவிட்டு ரிமோட்டை அணையுங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு) அமைக்கப்படவில்லை என்று பொருள். அதை அமைக்காமல் வெளியே கொண்டுபோகாதீர்கள். சக்கர நட்டுகளை (பெரும்பாலும் 7 மி.மீ. ஸ்பேனர்) இறுக்குங்கள். மோட்டாரைப் பிடிக்கும் ஸ்க்ரூவில், அதாவது உலோகம் உலோகத்தில் போகும் இடத்தில், ஒரு சொட்டு நீல நிற த்ரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) விடுங்கள். பிளாஸ்டிக்கில் போகும் ஸ்க்ரூவுக்கு அதை விடவே கூடாது, பிளாஸ்டிக் நொறுங்கிவிடும்.

மோட்டார் தண்டிலிருக்கும் சின்ன பினியனுக்கும் பெரிய ஸ்பர் கியருக்கும் இடையே உள்ள இடைவெளிதான் தொடக்கக்காரர் வண்டியை அதிகம் நிறுத்துவது. ஒரு நோட்டுத் தாளைக் கீற்றாகக் கிழித்து இரண்டு பல் வரிசைக்கும் நடுவே ஓடவிடுங்கள். மோட்டாரைக் கியரோடு அழுத்திப் பிடித்து ஸ்க்ரூவை இறுக்குங்கள். தாளைச் சுற்றி வெளியே எடுத்தால் அது கிழியாமல் வளைவு வளைவாக மடிந்து வர வேண்டும். கிழிந்தால் இறுக்கம் அதிகம், மோட்டார் சூடாகும். மடிப்பே விழவில்லை என்றால் தளர்ச்சி, ஸ்பர் கியரின் பல் ஒரே ஓட்டத்தில் மழுங்கும். ஸ்பர் கியரை ஒரு முழுச் சுற்று சுற்றி நான்கு இடத்தில் சரிபார்க்கவும், கியர்கள் முழு வட்டமாக இருப்பதில்லை.

கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம். 1.5, 2, 2.5 மி.மீ. அறுகோணத் திருப்புளிகள் நல்ல எஃகில் தனித்தனியாக வாங்குங்கள். பெட்டியில் இலவசமாக வரும் எல் வடிவச் சாவி ஸ்க்ரூவின் தலையை வட்டமாக்கிவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். "டக்" என்று பழைய மரையில் விழும். அதற்குப் பிறகு வலப்பக்கம் இறுக்குங்கள். நேரடியாக இறுக்கினால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டி, ஐந்தாவது முறை துளையே பிடிக்காது.

ஓட்டும்போது வரும் கோளாறுகளில் சிலவற்றுக்குக் காரணம் தெரிந்தால் பயம் போய்விடும். வண்டி விட்டுவிட்டு ஓடினால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்து இஎஸ்சி நிறுத்துகிறது. "இன்னும் கொஞ்சம்" என்று திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். மோட்டார் மேல் விரலை ஐந்து விநாடி வைக்க முடியாத அளவு சூடு என்றால் உயரமான புல்லில் ஓட்டியிருப்பீர்கள், அல்லது பினியனில் பல் அதிகம், அல்லது அச்சில் நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கிறது. ஒரு பேக் முடிந்ததும் பிரஷ்டு மோட்டாருக்குப் பதினைந்து இருபது நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு அடுத்த பேக்கைப் போடுங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் மட்டும் சரியாகத் திரும்பினால் சர்வோவின் உள்கியரில் பல் போயிருக்கலாம்.

தாவும்போது ஒரு விஷயம். காற்றில் விசையை அழுத்தினால் மூக்கு மேலே தூக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். இப்படித்தான் வண்டியை நான்கு சக்கரத்தில் இறக்குகிறார்கள். ஆனால் முழு விசையோடு தரையில் இறங்கினால் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் சட்டென்று பிடிபட்டு, அந்த அதிர்ச்சி முழுவதும் கியருக்குப் போகும். தரையைத் தொடும் முன் விரலை விட்டுவிடுங்கள்.

பழகுவதற்குக் கிரவுண்டில் இரண்டு தண்ணீர் பாட்டிலை 5 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள், கால்வாசி விசையில். ஒரு பேக் முழுவதும் பாட்டிலைத் தொடாமல் முடிந்தால் விசையைக் கொஞ்சம் கூட்டலாம். மக்கள் நடமாடும் பக்கம் வண்டியை விடாதீர்கள். வண்டி எப்போதும் உங்களுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷால் செம்மண்ணைத் தட்டுங்கள். மழையில் ஓடியிருந்தால் பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

கையிருப்பில் இருக்க வேண்டியவை: முன் ஆர்ம் இடம் வலம் ஒவ்வொன்று, ஸ்பர் கியர் இரண்டு, பாடி கிளிப் பத்து. கிளிப்புகள் நிச்சயம் தொலையும். மேம்படுத்தும் ஆசை வந்தால் இந்த வரிசையில் செலவழியுங்கள்: புஷ் இருக்கும் இடத்தில் பேரிங், அடுத்து உலோகக் கியர் போட்ட சர்வோ, பிறகு நல்ல டயர். மோட்டார் கடைசி.

அந்த 70 கிலோமீட்டர் ஆசைக்கும் வழி இருக்கிறது. இருபது முப்பது பேக் ஓடி, வண்டி உங்களை நோக்கி வரும்போதும் கை குழம்பவில்லை என்றால், அதே 1/10 டிரக்கில் பிரஷ்டு மோட்டாரையும் இஎஸ்சியையும் கழற்றிவிட்டு 3300 கேவி சுற்றுவட்டாரத்தில் ஒரு பிரஷ்லெஸ் ஜோடியைப் போடலாம். அப்போது பின் டிரைவ் ஷாஃப்டுகளை எஃகுக்கு மாற்றுங்கள், பினியனைச் சின்ன அளவில் தொடங்கிச் சூட்டைத் தொட்டுப் பார்த்து ஒவ்வொரு பல்லாக ஏற்றுங்கள். ஓட்டுவதற்குக் குறைந்தது 50 மீட்டர் நீளத்தில் ஆளில்லாத கிரவுண்டு வேண்டும். பையன் கையில் ரிமோட்டைக் கொடுக்கும்போது விசை வரம்பைப் பாதிக்கு இறக்கிவிட்டுக் கொடுங்கள்.